ரிஷிகேஷில் ராஃப்டிங்: முதன்முறை செல்வோர் அறிய வேண்டியவை

விடுமுறைக் காலம் நெருங்கும்போது கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் கணக்கு விவரங்களோடு வேறு சிலவற்றையும் எங்களிடம் கேட்பதுண்டு. ஹரித்வார், ரிஷிகேஷ் யாத்திரைக்குப் பணம் எடுக்க வரும் குடும்பங்களில், பெற்றோர் கங்கை ஆரத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, உடன் வந்த மகனோ மகளோ மெல்ல நெருங்கி, "அங்கே ராஃப்டிங் போகலாமா? ஆபத்து ஒன்றும் இல்லையே?" என்று கேட்பார்கள். சென்ற ஆண்டு மார்ச் மாதம் வரை எங்களிடம் அதற்கு விடை இல்லை. டேராடூனில் ஒரு வாரப் பயிற்சி வகுப்பு முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அலுவலர்கள் ஐவர் வாடகை வண்டி பிடித்து ரிஷிகேஷ் சென்றோம். ஐவரில் நீந்தத் தெரிந்தவர்கள் இருவரே. ஒருவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள்தாம் இருந்தன. அந்த ஒரு நாளில் கண்டதையும், பின்னர் கேட்டும் படித்தும் தெளிந்ததையும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அலக்நந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கூடிய பிறகுதான் ஆறு கங்கை என்னும் பெயரைப் பெறுகிறது. அங்கிருந்து ரிஷிகேஷ் வரை மலைகளுக்கிடையே ஒடுங்கிப் பாய்கிறது. சாலையும் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே செல்வதால், காற்றடைத்த ரப்பர் படகுகளை ஜீப்பின் கூரையில் கட்டி மேலே கொண்டுபோய், ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்கி வர முடிகிறது. பிரம்மபுரியிலிருந்து தொடங்கினால் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், சிவபுரியிலிருந்து 16, மரைன் டிரைவ் என்னும் இடத்திலிருந்து 25 வரை, கௌடியாலாவிலிருந்து 35. தொலைவு கூடக் கூட விலையும் கூடும், நீரின் சீற்றமும் கூடும். கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்' என்று பெயர் பெற்ற ஓரிடம் உண்டு. அனுபவம் உள்ளவர்களின் படகையும் கவிழ்த்துவிடும் இடம் அது. முதன்முறை செல்வோருக்குப் பிரம்மபுரியோ சிவபுரியோ போதும். நாங்கள் சிவபுரியைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆறு பாறைகளிடையே நெருக்குண்டு, சரிந்து, நுரைத்துப் பாயும் பகுதியை 'ரேபிட்' என்கிறார்கள். அதன் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் அளவுகோல் உலகெங்கும் வழக்கில் உள்ளது. ஒன்று என்பது சிற்றலை. ஆறு என்பது உயிரைப் பணயம் வைக்கும் இடம்; சுற்றுலாப் பயணிகளை அங்கே அழைத்துச் செல்வதில்லை. சிவபுரிக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் இரண்டும் மூன்றும். ஆயினும் இந்த எண்கள் கல்வெட்டுகள் அல்ல. ஆற்றில் நீர் ஏறினால் தரமும் மாறும். மே, ஜூன் மாதங்களில் மலையில் பனி உருகி நீர் பெருகும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் அங்கே ராஃப்டிங் நிறுத்தப்படுகிறது. பாகீரதியின் குறுக்கே டெஹ்ரி அணை இருப்பதால், திறந்துவிடும் நீருக்கேற்பவும் ஆற்றின் மட்டம் மாறும். ஆகவே "மூன்றாம் தரந்தானே" என்று விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்வதைவிட, "இன்று தண்ணீர் எப்படி?" என்று வழிகாட்டியைக் கேட்பது மேல்.

ஒரு படகில் வழக்கமாக எட்டுப் பேர்வரை அமர்வார்கள். பின்முனையில் வழிகாட்டி இருப்பார். நிறுவனத்திற்கும் வழிகாட்டிக்கும் மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதிச் சான்றைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. நாங்கள் கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை என்பதால், சிறுவர்களுடன் செல்லும் குடும்பங்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆபத்தில் நீந்துபவரை எட்டிப் பிடிக்கத் தனியாக ஒரு கயாக் படகு உடன் வருமா என்பதையும் கேட்டறியுங்கள். விலையில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும் நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

இரண்டு பக்கப் படிவம்

நிறுவனத்தின் சிறிய அலுவலகத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். பொடி எழுத்தில் இரண்டு பக்கங்கள். கடைசியில் கையொப்பமிட ஒரு கோடு. வெளியே ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. ஐவரும் நின்றவாக்கிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். கடன் ஆவணத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள் என்று நாள்தோறும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்பவர்கள் நாங்கள். இதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

அந்தப் படிவத்தில் ஒரு பகுதி உடல்நிலை பற்றியது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா, அண்மைக்கால அறுவை சிகிச்சை, முதுகு அல்லது தோள்பட்டைக் காயம், கருவுற்றிருத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரு கட்டங்கள். எங்களில் மூத்தவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்திருந்தார். முந்தைய தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். அவர் குறித்ததை எவரும் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் வாய் திறந்திருப்போமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சிவபுரியில் கரையில் இறங்கியதும் வழிகாட்டி எங்களை அரைவட்டமாக நிற்கவைத்தார். முப்பது வயதிருக்கலாம், கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்தவர். படிவங்களை அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" மூத்தவரிடம் வந்தபோது அவர் சற்றுத் தயங்கினார். "அங்கிள்ஜி, மாத்திரை?" என்று மறுபடியும் கேட்டார் வழிகாட்டி. இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள் என்று மூத்தவர் சொன்னார். பிறகு ஸ்டென்ட் பற்றியும் சொன்னார்.

"நீங்கள் ஜீப்பில் வந்துவிடுங்கள். கீழே கரையில் சந்திப்போம்."

பணம் கட்டியாயிற்று என்றார் மூத்தவர். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார், தினமும் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன் என்றார். எங்களில் ஒருவர், நடுவில் உட்காரவைத்துக்கொள்கிறோம், துடுப்புப் போட வேண்டாம் என்று பரிந்து பேசினார். வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை; தலையை மட்டும் அசைத்தார். மூத்தவர் தலைக்கவசத்தைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். வாழ்நாள் முழுவதும் காசாளர் கூண்டில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விடாதவர் அவர். அந்த நடையைப் பார்க்க எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கரையில் கற்றுக்கொள்வது

எங்களுக்குக் கரையில் அளிக்கப்பட்ட பயிற்சி இருபது நிமிடம்கூட இல்லை. இதைக் காதில் வாங்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்த குழுக்களையும் பார்த்தோம்.

முதலில் உடை. பருத்தித் துணியும் ஜீன்ஸும் நீரை உறிஞ்சிக் கனக்கும். உடலின் சூட்டையும் இழுத்துவிடும். சேலை, வேட்டி, துப்பட்டா எதுவும் கூடாது. விரைவில் உலரும் செயற்கை இழைத் துணியும், குதிகாலில் பட்டை உள்ள செருப்பும் ஏற்றவை. மூக்குக் கண்ணாடிக்குப் பின்புறம் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். தங்கச் சங்கிலி, மோதிரங்களை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள். அதற்காகத்தானே பாதுகாப்புப் பெட்டகம் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மற்றொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். வயிறு அமுங்குகிறதே என்று பட்டையைத் தளர்த்திக்கொள்பவர்கள் உண்டு. நீரில் விழுந்தால் உடல் கீழே போகும், ஜாக்கெட் மேலே போகும்.

துடுப்பின் மேல்முனை ஆங்கில எழுத்து 'டி' போல இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடிப் பிடித்திருக்க வேண்டும். படகில் பல் உடைவதும் உதடு கிழிவதும் பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்தில் இருப்பவர் கைவிட்ட இந்த முனையால்தான் என்றார் வழிகாட்டி. கால் பாதத்தைப் படகின் குறுக்கே உள்ள காற்றுக் குழலின் அடியில் செருகிக்கொள்ள வேண்டும். உட்காருவது உள்ளே அல்ல, படகின் விளிம்பில். இது முதலில் அச்சமூட்டுகிறது. உள்ளே உட்கார்ந்தால் துடுப்பு நீரை எட்டாது என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

கட்டளைகள் நான்கைந்துதான்: முன்னோக்கி, பின்னோக்கி, நிறுத்து, உள்ளே குனி, இடம் அல்லது வலம் தாவு. இவற்றுள் 'முன்னோக்கி' என்பதன் காரணத்தை விளக்கியாக வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். படகு நீரின் வேகத்திலேயே மிதந்து சென்றால் அதைத் திருப்ப முடியாது. நீரில் விழுந்த சருகு போல அது போகும் இடத்துக்கெல்லாம் நாமும் போவோம். நீரைவிடச் சற்று விரைவாகச் சென்றால் மட்டுமே வழிகாட்டியின் பின்துடுப்புக்குப் படகு கட்டுப்படும். அந்தக் கூடுதல் வேகத்தை முன்னால் அமர்ந்திருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். பெரிய அலை எதிரே எழும்போது மனித இயல்பு துடுப்பைத் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடிப்பது. எட்டுப் பேரும் அப்படிச் செய்தால், மிக இடர்ப்பாடான அந்த நொடியில் படகு ஓட்டுநர் இல்லாத வண்டியாகிவிடும். பக்கவாட்டில் திரும்பி அலையை வாங்கிக் கவிழும். முகப்பு நேராக அலையில் ஏறினால் கவிழ்வது அரிது.

விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு வழிகாட்டி அதிக நேரம் எடுத்துக்கொண்டார். படகின் வெளிப்புறம் சுற்றிலும் கயிறு கட்டியிருக்கும். கைக்கு எட்டினால் அதைப் பற்ற வேண்டும். எட்டாவிட்டால் மல்லாந்து படுத்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பாறை வந்தால் பாதம் தாங்கும். எக்காரணம் கொண்டும் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. அடியில் உள்ள கற்களுக்கிடையே பாதம் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளும் நீர் உடலை முன்னே சாய்த்து முகத்தை அமிழ்த்திவிடும். இடுப்பளவு நீரிலும் இது நேரும். லைஃப் ஜாக்கெட் இருந்தும் உயிர் போவதற்கு இது ஒரு காரணம். நீந்தத் தெரிந்தவர்களுக்கே நிற்க வேண்டும் என்ற எண்ணம் அதிகம் வருகிறது என்றும் சொன்னார். கரையிலிருந்தோ படகிலிருந்தோ பை ஒன்றில் சுருட்டிய கயிற்றை எறிவார்கள். பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, மல்லாந்தே இருக்க வேண்டும். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; சிக்கினால் விடுவிக்க முடியாது. படகுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டால், இரு கைகளையும் படகின் அடிப்பாகத்தில் ஊன்றி ஒரே திசையில் நகர வேண்டும். திசையை மாற்றினால் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்போம்.

'ரோலர் கோஸ்டர்'

முதல் ரேபிட்டில் நனைந்து சிரித்தோம். அதன் பிறகு வந்தது 'ரோலர் கோஸ்டர்'. பெயருக்கேற்றபடி அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நீர் மட்டும் அவற்றின் வழியே ஓடுகிறது. கடலலை போல அவை நகர்வதில்லை என்பதைக் கண்ணால் கண்டபோது வியப்பாயிருந்தது. அடியில் கிடக்கும் பாறையின் உருவம்தான் மேலே அலையாகத் தெரிகிறது. பாறைக்குப் பின்னால் நீர் தலைகீழாகச் சுருண்டு விழுமிடத்தை 'குழி' என்கிறார்கள். அங்கே நுரை அதிகம். நுரையில் காற்று கலந்திருப்பதால் அது உடலைத் தாங்கும் வலு குறைவு. வழிகாட்டி குழிகளைத் தவிர்த்து, பாறைகளுக்கிடையே கண்ணாடி போல வழுவழுப்பாக இறங்கும் நீர்நாக்கைத் தேடிப் படகைச் செலுத்தினார்.

மூன்றாவது அலையில் எங்களில் இளையவர், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டே ஆன பெண் அலுவலர், விளிம்பிலிருந்து காணாமற்போனார். ஓசை எதுவும் கேட்கவில்லை. அவர் இருந்த இடத்தில் துடுப்பு மட்டும் மிதந்தது. நாங்கள் மூவரும் அவர் பக்கம் திரும்பினோம். துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டோம். "முன்னோக்கி!" என்று பின்னாலிருந்து வந்த குரல் எங்கள் முதுகில் அறைந்தது. மறுபடியும் துடுப்பை நீரில் இறக்க மனம் வரவில்லை. விழுந்தவரை விட்டுவிட்டு முன்னே போவது போல் தோன்றியது. ஆனால் அவரும் அதே ஆற்றில் எங்களுக்கு இணையாகத்தான் வந்துகொண்டிருந்தார். அலைகளைக் கடந்ததும் வழிகாட்டி படகை அவருக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தினார். நீந்தத் தெரியாத அவர், கரையில் சொன்னபடியே மல்லாந்து, கால்விரல்களை நீருக்கு மேலே காட்டியபடி மிதந்து வந்திருந்தார். கையைப் பிடித்து இழுக்கப்போன எங்களைத் தடுத்து, லைஃப் ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளைப் பற்றி, பின்னால் சாய்ந்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டார் வழிகாட்டி. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும்.

நுரை அவர் வாயில் புகுந்திருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச முடிந்ததும் அவர் சொன்ன முதல் சொற்கள் விழுந்ததைப் பற்றியன அல்ல, குளிரைப் பற்றியவை. மூச்சை உள்ளே இழுத்தது தெரிகிறது, வெளியே விட முடியவில்லை, நெஞ்சை யாரோ இறுக்கிக் கட்டியது போல் இருந்தது என்றார். பனியுருகிய நீர் அது. திடீரெனக் குளிர்நீரில் விழும்போது உடல் தானாகவே பெருமூச்செடுக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே நேரத்தில் ஏறும். இருபத்தெட்டு வயது இதயம் அதைத் தாங்கிக்கொண்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூத்தவரைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்து 'கோல்ஃப் கோர்ஸ்' வருகிறது என்றார் வழிகாட்டி. வேண்டாமென்றால் இங்கேயே கரையேறலாம், சாலை மேலேதான் இருக்கிறது, ஜீப்பை வரச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்டார். அவர் சற்று யோசித்தார். துடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும் வழிகாட்டி அதே முகத்தோடு படகை ஒதுக்கியிருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றியது. இறங்கிவிடும் உரிமை பயணம் முழுவதும் நமக்கு உண்டு. முதன்முறை செல்வோர் பலருக்கு இது தெரிவதில்லை.

ரிஷிகேஷ் கரையில் மூத்தவர் துவாலைகளோடும் தேநீரோடும் காத்திருந்தார். விழுந்த கதையைக் கேட்டுவிட்டு இளையவருக்கு இன்னொரு தேநீர் வாங்கித் தந்தார்.

திரும்பும் வண்டியில் பேச்சு காப்பீட்டின் பக்கம் சென்றது; வங்கிக்காரர்கள் ஐவர் ஒரு வண்டியில் இருந்தால் வேறென்ன பேசுவார்கள்? மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்கு வாசகம் ஒன்று உள்ளது. இடர் மிகுந்த விளையாட்டுகளின் பட்டியலில் ராஃப்டிங் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. ஆனால் அவ்விலக்கு, அதைத் தொழிலாகக் கொண்டு ஈடுபடுவோருக்கு உரியது. சுற்றுலாவாகச் செல்பவர் வாசகத்தை முழுமையாகப் படித்தால்தான் இந்த வேறுபாடு தெரியும். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் பயணக் காப்பீட்டிலும் வாசகங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். புறப்படும் முன்பே கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது. ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர்களுக்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பு உண்டு. நீரில் மூழ்கி இறக்க நேர்ந்தால் காவல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்கட்டும். நோயை மறைத்து எழுதிய படிவம் ஒன்று எங்கோ ஒரு கோப்பில் இருந்தால், இழப்பீடு கோரும் நாளில் அது குடும்பத்துக்கு எதிராக வாசிக்கப்படலாம்.

கைப்பேசியைப் பற்றி ஒரு சொல். படம் எடுக்கும் ஆசையில் கழுத்தில் நெகிழிப் பையோடு மாட்டிச் செல்கிறார்கள். ஆற்றில் போவது கருவி மட்டுமன்று. வங்கிக் கணக்கோடு இணைத்த சிம் அட்டையும், ஒருமுறைக் கடவுச்சொல்லும், யு.பி.ஐ. செயலியும் சேர்ந்தே போகின்றன. வெளியூரில் கையில் காசில்லாமல் நிற்க நேரும். ஜீப்பில் பூட்டி வைத்துவிட்டுச் செல்லுங்கள். முன்பதிவின்போது இணையத் தேடலில் முதலில் வரும் எண்ணை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்று எவராவது சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

டேராடூன் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, மூத்தவர் தம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கரையில் காத்திருந்த நேரத்தில் நிறுவனத்தாரிடம் கேட்டு வாங்கிய அந்தப் படிவத்தின் நகல். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டியின் உள்விளக்கைப் போடச் சொல்லி, இரண்டு பக்கங்களையும் முதல் வரியிலிருந்து எங்களுக்கு உரக்கப் படித்தார். உடல்நிலைக் காரணத்தால் பயணம் மறுக்கப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற வரி வந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். "சரியாகத்தான் போட்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.